மன்னிப்புக்கும் மேலிடத்து உத்தரவா?

சென்ற இதழில், ராணுவச் சட்டப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், நமது ராணுவ நீதிமன்றங்களுக்குள் ‘மறுசீரமைப்பு நீதி’யைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார். தண்டனையால் யாருக்கும் நிம்மதி கிடைப்பதில்லை. தீங்கு செய்தவரும் அதற்கு ஆளானவரும் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் காயம் ஆறும். ஆஸ்திரேலியாவும் கனடாவும் இதைச் செய்துகாட்டிவிட்டன. படையினர் சுட்டு ஊர்மக்கள் இறந்த நாகாலாந்தின் ஓட்டிங் போன்ற துயரங்களுக்கும் இதுதான் மருந்து, அதிலும் நாகர்களின் மரபே சமரச மரபு. இதுதான் அவர் வாதம். நடை நயமாக இருக்கிறது. வரிக்கு வரி மனிதநேயம் வழிகிறது. தீங்கு செய்தவர் முதலில் ‘ஆமாம், நான்தான் செய்தேன்’ என்று சொல்லியாக வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் எங்கு தேடியும் காணவில்லை.

கைமறதியாக விட்டுவிட்டார் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. அந்த நிபந்தனையை எழுதியிருந்தால் கட்டுரை முதல் பக்கத்திலேயே முடிந்திருக்கும்.

மறுசீரமைப்பு நீதியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் எல்மைரா கதையை அவரும் சொல்கிறார். 1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அந்தச் சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேரின் உடைமைகளை அடித்து நொறுக்கினார்கள். நன்னடத்தை அதிகாரி ஒருவர் அந்த இருவரையும் வீடுவீடாக அழைத்துப்போனார். கதவைத் தட்டினார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், இழப்பைக் கணக்கெடுத்துப் பணத்தைக் கட்டினார்கள். கேட்க நெகிழ்ச்சியான கதைதான். ஆனால் முதல் கதவைத் தட்டுவதற்கு முன்பே இருவரும் நீதிமன்றத்தில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். நீதிபதியின் ஆணையோடுதான் தெருவில் இறங்கினார்கள். கட்டுரையாளர் சொல்லும் கதை கதவருகில் தொடங்குகிறது. நீதிமன்றம் அதில் இல்லை.

அடுத்து ஆஸ்திரேலியா. 2011-இல் கான்பெராவில் உள்ள பாதுகாப்புப் படை அகாடமியில், பயிற்சி மாணவர் ஒருவர் சக மாணவியுடனான அந்தரங்கத்தை, அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல், ஸ்கைப் வழியே வேறு அறையில் இருந்த நண்பர்களுக்கு ஒளிபரப்பினார். அந்த ஒரு விவகாரம் பல பத்தாண்டுக் குமுறல்களுக்கு வாய் திறந்துவிட்டது. 2012 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். முன்னாள் நீதிபதி லென் ராபர்ட்ஸ்-ஸ்மித் தலைமையில் தனிப் பணிக்குழு அமைந்தது. 50,000 டாலர் வரை ஈட்டுத்தொகை, அதோடு பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ஒரு சந்திப்பு. கட்டுரையாளர் கொண்டாடுவது இந்தச் சந்திப்பைத்தான்.

அந்த அறையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைப் பார்ப்போம். ஒரு பக்கம் கொடுமைக்கு ஆளானவர். எதிரே படையின் மூத்த அதிகாரி. நடுவில் படைக்குத் தொடர்பில்லாத ஒருங்கிணைப்பாளர். குற்றம் செய்தவருக்கு அங்கே நாற்காலியே கிடையாது. பல ஆண்டுகளுக்கு முன் காதுகொடுத்துக் கேட்காத நிறுவனம், இப்போது தன் மூத்த அதிகாரியை அனுப்பி உட்கார்ந்து கேட்கவைக்கிறது. நல்ல ஏற்பாடு, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது குற்றவழக்குக்கு மாற்றாக வந்ததல்ல. போலீசுக்குப் போகும் வழி திறந்தே இருந்தது. ஸ்கைப் வழக்கில், ஒளிபரப்பியவர், அவரோடு சேர்ந்த நண்பர் என இரண்டு மாணவர்களையும் 2013-இல் குற்றவாளிகள் என்று சொன்னது கான்பெராவின் சிவில் நீதிமன்ற ஜூரி. பணிக்குழுவின் வேலையை 2016-இல் ஏற்றதும் படைக்கு வெளியே உள்ள ஓம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம்தான். ஆக, ராணுவக் குற்றவியல் நீதிக்கு உள்ளே இதைச் செய்யலாம் என்பதற்கு அவர் காட்டும் சான்று முழுக்க முழுக்க வெளியே நடந்தது. இதைத்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள்.

கனடா இன்னும் மோசமான சாட்சி, அவருக்கு. 2015-இல் படையின் தலைமைத் தளபதியாக வந்த ஜொனாதன் வான்ஸ், பாலியல் அத்துமீறலை வேரறுக்க ‘ஆபரேஷன் ஹானர்’ என்று பெரிய நடவடிக்கையை அறிவித்தார். அதே வான்ஸ், தனக்குக் கீழே பணியாற்றிய பெண்ணோடு இருந்த உறவைப் பற்றிய விசாரணையைத் தடுக்க முயன்றதாக 2022-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிவில் நீதிமன்றத்தில். அங்கே மறுசீரமைப்புச் சந்திப்புகள் வந்தது தளபதிகளின் கருணையால் அல்ல. பாதிக்கப்பட்டவர்கள் கூட்டு வழக்குப் போட்டு, 2019-இல் 90 கோடி கனடிய டாலர் வரையிலான தீர்வை வாங்கியபோது, அந்தத் தீர்வின் ஒரு பகுதியாக இதையும் பெற்றார்கள். 2021 டிசம்பரில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்ட பாதுகாப்பு அமைச்சர் அனிதா ஆனந்த், தமிழ்நாட்டு வேர் உள்ளவர் என்பதால் நம் பத்திரிகைகளில் அவர் படம் நிறைய வந்தது. அவர் எதற்காக மன்னிப்புக் கேட்டார் என்பது அவ்வளவாக வரவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் ஆர்பர் தந்த அறிக்கை, கனடாவுக்குள் நடக்கும் பாலியல் குற்றங்களை ராணுவ நீதிமுறையின் கையிலிருந்தே எடுத்துவிடச் சொன்னது. இந்த அறிக்கையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

வெளிநாட்டை விடுவோம். நம் படைப்பிரிவு ஒன்றின் ‘ஆர்டர்லி ரூம்’ எப்படி இருக்கும் என்பதைக் கட்டுரையாளர் என்னைவிட நன்றாக அறிவார். குற்றம் சாட்டப்பட்ட சிப்பாய் தொப்பியும் பெல்ட்டும் கழற்றப்பட்டு வாசலில் நிற்பார். சுபேதார் மேஜர் குரல் கொடுத்ததும் விறைப்பாக நடந்து உள்ளே போய், கமாண்டிங் அதிகாரியின் மேசைக்கு முன்னால் ‘சாவ்தான்’ நிலையில் நிற்க வேண்டும். குற்றச்சாட்டைக் கேட்பது, சாட்சியை விசாரிப்பது, தண்டிப்பது எல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருவரே. சம்மரி கோர்ட் மார்ஷல் என்றால் அந்த ஒருவரே நீதிமன்றம். லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ இருந்தால் ஓராண்டு சிறை கொடுக்கலாம். சிப்பாயின் லீவும் பதவி உயர்வும் அதே கையில். கட்டளையை வேண்டுமென்றே மீறினால் 14 ஆண்டு வரை சிறை என்கிறது 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு.

இந்த அறையில், அதிகாரியிடம் அறை வாங்கிய சஹாயக் (அதிகாரிக்கு உதவியாளாக இருக்கும் சிப்பாய்) ஒருவரை நிறுத்தி, ‘உன் மனதில் இருப்பதைத் தாராளமாகச் சொல், சமரசத்துக்குச் சம்மதமா?’ என்று கேட்கச் சொல்கிறார் கட்டுரையாளர். சிப்பாய் என்ன சொல்வார்? ‘பரவாயில்லை சாப்’ என்பார். வேறு எதையும் சொல்லக்கூடாது என்றுதானே அவருக்குப் பயிற்சியே கொடுத்திருக்கிறோம். கீழ்நிலையில் உள்ளவரை அடித்துத் துன்புறுத்தும் அதிகாரிக்கு ஏழாண்டு வரை சிறை என்று 47-ஆம் பிரிவு இருக்கிறது. அது அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பிடி. மறுசீரமைப்பு என்ற பெயரில் அதையும் பிடுங்கி, பதிலுக்கு ஒரு கைகுலுக்கலைக் கொடுக்கப் போகிறார்கள்.

மனம்விட்டுப் பேசியவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் நமக்குத் தெரியும். 2017 ஜனவரியில், கருகிய ரொட்டியையும் தண்ணீராக ஓடிய பருப்பையும் கைப்பேசியில் படம்பிடித்துப் போட்ட தேஜ் பகதூர் யாதவ் ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் எல்லைப் பாதுகாப்புப் படை, ராணுவம் அல்ல என்று கட்டுரையாளர் திருத்தலாம். சரி, ராணுவத்துக்கே வருகிறேன். அதே ஜனவரியில், ராணுவ தினத்தன்று, குறைகளைச் சமூக ஊடகத்தில் சொல்கிறவர்கள் தண்டனைக்கு ஆளாகலாம் என்று எச்சரித்தவர் அன்றைய தலைமைத் தளபதி பிபின் ராவத்.

படை எதைக் குற்றமாகப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதற்கு ஒரே மனிதரின் இரண்டு கதைகள் போதும். 2017 ஏப்ரலில் ஸ்ரீநகர் இடைத்தேர்தல் நாளில், ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஒரு மனிதரை ஜீப்பின் முன்னால் கட்டிவைத்து ஊர் ஊராக ஓட்டிச் சென்ற மேஜருக்கு அடுத்த மாதமே தலைமைத் தளபதியின் பாராட்டு அட்டை கிடைத்தது. அதே மேஜர் மறு ஆண்டு உள்ளூர்ப் பெண் ஒருவரோடு ஓட்டலுக்குப் போனார். கோர்ட் மார்ஷல் பாய்ந்தது, பணிமூப்பும் போனது. முறைதவறிய உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன பிறகும், ‘எங்கள் அதிகாரிகளை மட்டும் அதற்காகத் தண்டிக்க விடுங்கள்’ என்று அரசு மறுபடி நீதிமன்றம் போய் 2023 ஜனவரியில் தெளிவுரை வாங்கி வந்தது. அப்போது யாரும் ‘தண்டனை யாருக்கும் நிம்மதி தராது’ என்று கட்டுரை எழுதவில்லை.

இனி ஓட்டிங். என்னை இதை எழுத வைத்ததே கட்டுரையின் அந்தப் பகுதிதான்.

2021 டிசம்பர் 4, சனிக்கிழமை. நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில், திரு பகுதியின் நிலக்கரிச் சுரங்கத்தில் வாரம் முழுவதும் வேலை செய்த இளைஞர்கள் எட்டுப் பேர், ஞாயிறு வழிபாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு பிக்கப் வண்டியில் ஓட்டிங் கிராமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ராணுவத்தின் 21-ஆவது பாரா சிறப்புப் படைப்பிரிவு வழியில் பதுங்கியிருந்தது. ஆறு பேர் இறந்தார்கள், இருவர் குண்டுக் காயங்களோடு பிழைத்தார்கள். நேரமாகியும் வராதவர்களைத் தேடிப்போன ஊர்க்காரர்கள் கண்டது காலி வண்டியைத்தான். உடல்களைச் சுற்றிக் கட்டி வேறொரு வண்டியில் ஏற்றி மறைக்க முயன்றார்கள் என்று மாநிலத்தின் டிஜிபியும் ஆணையரும் அரசுக்குத் தந்த கூட்டறிக்கையே சொன்னது. அதன்பின் வெடித்த கொந்தளிப்பில் மேலும் ஏழு ஊர்மக்களும் ஒரு படைவீரரும் இறந்தார்கள். மறுநாள் மோன் நகரில் இன்னொருவர். டிசம்பர் 6 அன்று நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சர், வண்டியை நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் விரைந்ததால் சந்தேகத்தில் சுடப்பட்டது என்றார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நேராகச் சுட்டார்கள் என்றார் பிழைத்த இளைஞர்களில் ஒருவர். அந்த இரண்டு வாக்குமூலங்களில் எது உண்மை என்பதை இன்றுவரை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

மாநிலப் போலீசின் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்தது. ஒரு மேஜர் உட்பட 30 படையினர்மீது 2022-இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி மத்திய அரசு அனுமதித்தால்தான் வழக்கு நகரும். 2023 ஏப்ரலில் அனுமதி மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்தது. அனுமதி எப்போதாவது கிடைத்தால் தொடரலாம், ராணுவம் விரும்பினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்ற குறிப்போடு.

இந்த நிலையில் ‘நாகர்களின் சமரச மரபை’ நினைவூட்டுகிறார் கட்டுரையாளர். அரசமைப்புச் சட்டத்தின் 371ஏ பிரிவு நாக வழக்காற்றுச் சட்டத்துக்குப் பாதுகாப்புத் தந்திருக்கிறதாம். தந்திருக்கிறது, மறுக்கவில்லை. அந்த மரபின்படி ஊருக்காகப் பேசும் உரிமை பெற்றது ஓட்டிங் கிராம சபை. அது என்ன சொன்னது? சம்பவம் நடந்த மறுநாளே ஓர் அமைச்சரும் மாவட்ட ஆட்சியரும் 18,30,000 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வந்தவர்கள் அன்பளிப்பாகத் தருகிறார்கள் என்றுதான் முதலில் ஊர் நினைத்தது. அது இழப்பீட்டின் ஒரு தவணை என்று பிறகு தெரிந்தது. சுட்டவர்கள் சிவில் சட்டத்தின்முன் நிறுத்தப்பட்டு, சிறப்பு அதிகாரச் சட்டமும் நீக்கப்படும்வரை அந்தப் பணத்தைத் தொடமாட்டோம் என்று பாதிக்கப்பட்ட குடும்பங்களும் கிராம சபையும் கையெழுத்திட்டு அறிவித்தன. பதினான்கு பேரைப் பறிகொடுத்த, நாகர்களில் ஒரு பிரிவினரான கொன்யாக் மக்களின் வழக்காற்றுச் சபை, தீர்க்கமாக, எழுத்தில், நீதிமன்றத்தைக் கேட்டது. நாக மரபை மேற்கோள் காட்டுகிறவருக்கு நாகர்கள் சொன்ன பதில் மட்டும் காதில் விழவில்லை.

நாகர்களுக்குச் சமரசம் தெரியாது என்பதில்லை. பல பத்தாண்டுகளாக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாக ஆயுதக் குழுக்களை உட்காரவைத்துப் பேச, 2008-இலேயே நாகா நல்லிணக்க மன்றத்தை அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள். மன்னிப்பின் இலக்கணத்தை டெல்லியிலிருந்து யாரும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த மன்றத்தில் உட்கார்ந்தவர்கள் தங்கள் கையில் இருந்த ரத்தத்தை ஒத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஓட்டிங் விஷயத்தில் எதிர்த்தரப்பு இன்னும் ‘அடையாளத் தவறு’ என்ற இரண்டு சொல்லைத் தாண்டவில்லை.

ஓட்டிங் ஒரு விதிவிலக்கு என்றும் சொல்லிவிட முடியாது. காஷ்மீரிலிருந்து மூன்று சான்றுகள். பத்ரிபல், 2000 மார்ச்: ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள், சிபிஐ குற்றப்பத்திரிகை போட்டது, 2012-இல் உச்ச நீதிமன்றம் ராணுவத்துக்கு வாய்ப்புத் தந்தது, ராணுவம் வழக்கைத் தன்னிடம் வாங்கிக்கொண்டது, 2014 ஜனவரியில் ஆதாரமில்லை என்று விசாரணையே இல்லாமல் மூடியது. மச்சில், 2010: வேலை தருவதாக அழைத்துப்போய் மூன்று பேரைக் கொன்றதற்காக, ஒரு கர்னல் உட்படப் பலருக்கு ராணுவ நீதிமன்றமே ஆயுள் தண்டனை விதித்தது, 2017-இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அதை நிறுத்திவைத்தது. அம்ஷிபோரா, 2020: ரஜௌரியிலிருந்து கூலிவேலைக்கு வந்த மூவரைக் கொன்ற வழக்கில் கேப்டனுக்கு ஆயுள் தண்டனை, 2023 நவம்பரில் அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. தண்டனை அளவுக்கு மீறிப்போய், அதனால் புண் ஆறாமல் தவிக்கும் ஒரு நாடாக நம்மைக் கற்பனை செய்துகொண்டு எழுதுகிறார் அவர். நாம் தவிப்பது தண்டனையே இல்லாமல்.

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. கோர்ட் மார்ஷலில் பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி. வழக்கு எங்கே போகிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. தண்டனை பெற்ற படைவீரர் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போகலாம்; கொல்லப்பட்டவரின் தாய்க்கு அந்த உரிமை இல்லை. இதைச் சரிசெய்யத் தேவையான திருத்தங்களை ஒரு சட்ட மாணவரால்கூட எழுத முடியும்: விசாரணை ஆவணங்களின் நகல், தீர்ப்பை உறுதிசெய்யும் அதிகாரி முடிவெடுக்கும் முன் பேச ஒரு வாய்ப்பு, மேல்முறையீட்டு உரிமை, சிவிலியன்கள் சம்பந்தப்பட்ட கொலையும் பாலியல் வன்முறையும் எந்த விலக்கும் இல்லாமல் சிவில் நீதிமன்றத்துக்கு. ராணுவச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு இந்தக் கடைசி விதியைப் பாதி சொல்லிவிட்டு, ‘களப்பணியில் இருந்தாலன்றி’ என்று ஒரு ஓட்டை போட்டிருக்கிறது. காஷ்மீரிலும் வடகிழக்கிலும் நடப்பதெல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியேறுகிறது. சட்டப் பிரிவிலேயே பணியாற்றியவர் இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தோன்றியது வட்டமாக உட்கார்ந்து பேசும் யோசனை.

வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டு: கட்டப்பஞ்சாயத்து. அது நீதிமன்ற வளாகத்துக்குள் வந்தபோது என்ன ஆனது என்பதும் தமிழர்களுக்குத் தெரியும். 2015 ஜூனில், கடலூர் மாவட்டப் பாலியல் வன்முறை வழக்கு ஒன்றில், தண்டனை பெற்றவரை ஜாமீனில் விட்டு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு மத்தியஸ்த மையத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அந்த அறைக்கே போகமாட்டேன் என்று அந்தப் பெண் மறுத்துவிட்டார். ஜூலை முதல் தேதி, வேறொரு வழக்கில், இத்தகைய குற்றங்களில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. பத்தே நாளில் சென்னை ஆணை திரும்பப் பெறப்பட்டது. சீருடை இல்லாத, துப்பாக்கி இல்லாத, சுதந்திரமான நீதிபதி ஒருவர் நல்லெண்ணத்தோடு செய்ததே அந்த லட்சணத்தில் முடிந்தது. அதையே கமாண்டிங் அதிகாரியின் மேசைக்கு மாற்றச் சொல்கிறார் கட்டுரையாளர்.

அவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஓட்டிங் பற்றி ராணுவமும் ஒரு மேஜர் ஜெனரல் தலைமையில் தனியாக விசாரணை மன்றம் அமைத்து விசாரித்தது. அதன் அறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை. ஒழுங்கு நடவடிக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்த அறிக்கையை வெளியிடுங்கள், வழக்குக்கு அனுமதி கொடுங்கள் என்று ராணுவத் தலைமையகத்துக்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் அவர் எழுத வேண்டும். எங்களைப் போன்றவர்கள் எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும். அவர் கடிதத்துக்கு அங்கே மரியாதை உண்டு.